ஜெரோமின் ‘பாஷிபசூக்’: ஓர் ஓரியண்டலிச உருவப்படத்தை எப்படிப் பார்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருக்கி, எகிப்து, அல்ஜீரியா, இந்தியா என்று கிழக்கு நாட்டு மனிதர்களை 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியர்கள் வரைந்த படங்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு தடுமாற்றம் வரும். வேலைப்பாடு கண்ணைக் கட்டிப்போடும். அதே நேரத்தில் ஏதோ நெருடும். அந்த நெருடலை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டு போனால்தான் படம் திறக்கும் என்பது என் நம்பிக்கை. பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது என்பதால் இங்கே ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றிக் கலை மாணவர்களும் ஆர்வலர்களும் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். தேவைப்படும் இடங்களில் மட்டும் வேறு படங்களும் வரும்.

எந்தப் படம் இது? படத்தில் என்ன இருக்கிறது?

பிரெஞ்சு ஓவியர் ழான்-லியோன் ஜெரோம் 1868–69இல் தீட்டிய ‘பாஷிபசூக்’. கித்தான்மேல் எண்ணெய் வண்ணம். உயரம் சுமார் 81 செ.மீ., அகலம் 66 செ.மீ. 2008இல் நன்கொடையாக வந்து, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இருண்ட, வெறுமையான பின்னணி. அதன் முன்னால் கறுப்பின ஆண் ஒருவரின் தலையும் மேலுடலும். வெளிர்சிவப்புப் பட்டு அங்கி. பல வண்ணத் துணிகளைச் சுற்றிச் சுற்றிக் கட்டி, குஞ்சங்கள் தொங்கும் தலைப்பாகை. நம்மை நேருக்கு நேர் பார்க்காத முகம். மசூதியோ சந்தையோ ஒட்டகமோ எதுவும் கிடையாது. ஜெரோமின் மற்றப் படங்களில் கூட்டமும் கட்டடமும் நிரம்பி வழியும். இங்கே எல்லாவற்றையும் விலக்கிவிட்டு ஒரே ஒரு மனிதரை மட்டும் நிறுத்தியிருக்கிறார். உருவப்படம் என்று நம்மை நினைக்க வைப்பது இந்த அமைப்புதான்.

ஓரியண்டலிச ஓவியம் என்றால் என்ன?

வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா, சில சமயம் இந்தியா ஆகிய பகுதிகளைப் பொருளாக எடுத்துக்கொண்ட ஐரோப்பிய ஓவியங்களுக்கு அந்தக் காலத்திலேயே வழங்கிய பெயர் அது. தமிழில் கீழைத்தேய ஓவியம் என்றும் எழுதுகிறார்கள். 1798இல் நெப்போலியன் எகிப்துக்குள் படையோடு போனதும், 1830இல் பிரான்ஸ் அல்ஜீரியாவைப் பிடிக்கத் தொடங்கியதும் இந்த அலையைக் கிளப்பின. கப்பலும் ரயிலும் வந்த பிறகு ஓவியர்கள் பயணம் போவது எளிதாயிற்று. போகாமலேயே வரைந்தவர்களும் உண்டு.

ஜெரோம் போய் வந்தவர். 1824இல் வெசூல் என்ற சிறு நகரத்தில் பிறந்தார். 1864 முதல் பாரிஸ் நுண்கலைக் கல்லூரியில் பேராசிரியர். தன் காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிகப் புகழ்பெற்ற ஓவியர்களில் ஒருவர். 1856இலேயே எகிப்தைப் பார்த்துவிட்டார். 1868 தொடக்கத்தில் எகிப்து, சினாய், ஜெருசலேம் என்று 12 வாரம் பெரிய குழுவோடு சுற்றினார். குழுவில் ஓவியர்களும் ஓர் எழுத்தாளரும் இருந்தார்கள். மைத்துனர் ஆல்பெர் கூப்பில் புகைப்படக் கருவியோடு போனார். அந்தப் பயணம் முடிந்து பாரிஸ் திரும்பியபின் தீட்டியதுதான் நம் படம்.

பாஷிபசூக் என்பவர் யார்?

ஒட்டோமான் (துருக்கிய) பேரரசின் ஒழுங்குப் படையில் சேராத போர்வீரர். சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது. கொள்ளைதான் வருமானம். அல்பேனியர், குர்து, சர்க்கேசியர், ஆப்பிரிக்கர் என்று பல இனத்தாரும் அதில் இருந்தார்கள். 1853–56 கிரிமியப் போரில் ஒட்டோமான்களோடு சேர்ந்து போரிட்ட பிரெஞ்சு, ஆங்கிலத் தளபதிகள் இவர்களைப் பழக்கி ஒழுங்குக்குக் கொண்டுவரப் பார்த்து முடியாமல் கைவிட்டார்கள். அந்தச் செய்திகள் பத்திரிகைகளில் வந்ததால், 1868இல் பாரிஸ்வாசி ஒருவருக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் மூர்க்கம், கொள்ளை, அடங்காமை என்ற படம் மனத்தில் எழுந்துவிடும். 1876இல் பல்கேரியாவில் நடந்த படுகொலைகளுக்குப் பிறகு பெயர் இன்னும் கறுத்தது. அது நம் படத்துக்குப் பிந்திய கதை. இன்றைக்கு இந்தப் படத்தோடு அந்தப் படுகொலையைச் சேர்த்துப் பேசுகிறவர்கள் ஆண்டைக் கவனிக்க வேண்டும்.

படத்தில் இருப்பவர் உண்மையிலேயே பாஷிபசூக்தானா?

இல்லை. இந்தப் படத்தைப் புரிந்துகொள்ள முதலில் தெரிந்திருக்க வேண்டியது இதுதான்.

பாரிஸில், தன் ஸ்டுடியோவில், ஒரு மாடலை நிறுத்தி, பயணத்தில் வாங்கி வந்த துணிமணிகளை அவருக்கு அணிவித்து ஜெரோம் வரைந்தார். அருங்காட்சியகமே படத்தின் குறிப்பில் இதை வெளிப்படையாக எழுதியிருக்கிறது. இப்படி ஒரு நேர்த்தியான பட்டு அங்கியோடு ஒருவர் போருக்குப் பாய்வதைக் கற்பனை செய்வது கடினம் என்றும் அதே குறிப்பு சொல்கிறது.

அந்தப் பட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். கல்யாணப் பட்டுப்புடவையைப் பிரித்து மடித்துப் பழகியவர்களுக்கு உடனே புரியும்: பருத்தி துவண்டு விழும் இடத்தில் பட்டு விறைத்து நிற்கும், மடிப்பின் முகட்டில் வெளிச்சம் கோடாக ஓடும், பள்ளத்தில் நிறம் சட்டென்று அடர்ந்துவிடும். ஜெரோம் அந்த ஓட்டத்தை மடிப்புக்கு மடிப்பு பின்தொடர்ந்திருக்கிறார். இளஞ்சிவப்பிலிருந்து கிட்டத்தட்ட வெள்ளை வரை போகிறார், மறுபக்கம் செங்கல் நிறம் வரை இறங்குகிறார். ஆனால் அந்தத் துணியில் அழுக்கு இல்லை, கிழிசல் இல்லை, வெயிலில் வெளுத்த இடம் இல்லை. கொள்ளையடித்துப் பிழைக்கும் வீரனின் உடம்பில் கிடந்த துணியாக அது தெரியவில்லை. பெட்டியிலிருந்து எடுத்து அப்போதுதான் போர்த்திய துணி.

ஆக, இந்தப் படத்தில் மூன்று தனித்தனி உண்மைகள் ஒட்டவைக்கப்பட்டிருக்கின்றன. பாரிஸில் வாழ்ந்த, மாடலாக நின்ற ஒரு மனிதர். ஒட்டோமான் நிலங்களிலிருந்து வந்த துணிகள். ஐரோப்பியர் மனத்தில் அச்சத்தோடு பதிந்திருந்த ஒரு பெயர். மூன்றும் உண்மை. மூன்றும் சேர்ந்து உருவாகும் ‘பாஷிபசூக்’ மட்டும் ஸ்டுடியோவில் பிறந்தவன். ஓரியண்டலிச உருவப்படம் எதைப் பார்த்தாலும், ஆள், உடை, தலைப்பு மூன்றையும் முதலில் பிரித்துவிடுங்கள்.

அப்படியானால் இதை உருவப்படம் என்றே சொல்லக்கூடாதா?

உருவப்படத்தின் வடிவத்தில் உள்ள படம் என்று சொல்லலாம். உருவப்படத்தில் ஒரு ஒப்பந்தம் இருக்கும். உட்கார்ந்தவருக்கு ஒரு பெயர் உண்டு. அவர், அல்லது அவரைச் சேர்ந்தவர்கள், படத்தைக் கேட்டு வரையச் செய்கிறார்கள். எந்த உடையில் தெரிய வேண்டும், எப்படி நினைவில் நிற்க வேண்டும் என்பதில் அவருக்கும் ஒரு சொல் இருக்கும்.

வெனிஸிலிருந்து ஜென்டீலே பெல்லினி 1479இல் இஸ்தான்புல் போய் சுல்தான் இரண்டாம் மெஹ்மதை வரைந்தார். 1480 என்று தேதியிட்ட அந்தப் படம் லண்டன் நேஷனல் கேலரியின் சேகரிப்பைச் சேர்ந்தது. ஐரோப்பியர் ஒருவர் கிழக்கின் மனிதரை வரைந்த படம்தான் அதுவும். ஆனால் ஓவியரை வரவழைத்தவர் சுல்தான். நம் சென்னையிலும் இதே கதை நடந்திருக்கிறது. 1769இல் டில்லி கெட்டில் என்ற ஆங்கில ஓவியர் சென்னையில் வந்திறங்கினார். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா அவரிடமும், பிறகு வந்த ஜார்ஜ் வில்லிசனிடமும் தன்னை வரையச் செய்து, படங்களை இங்கிலாந்துக்குப் பரிசாக அனுப்பினார். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களிடம் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த நவாப், தான் ஓர் அரசர் என்பதை லண்டனுக்கு நினைவூட்ட அந்தப் படங்களைப் பயன்படுத்தினார். மெல்லிய வெள்ளை மஸ்லின், முத்துச்சரங்கள், கையில் வாள் எல்லாம் அவர் தேர்ந்து காட்டிய உருவம்.

‘பாஷிபசூக்’கில் நின்றவருக்கு அந்தத் தேர்வு இல்லை. அணிவித்ததை அணிந்தார், சொன்னபடி நின்றார், கூலி வாங்கிக்கொண்டு போனார்.

அவர் பெயர் என்ன? ஏன் அது பதிவாகவில்லை?

படத்தோடு அவர் பெயர் வரவில்லை. காரணம் எளிது: அந்தப் பெயரை யாரும் கேட்கவில்லை. விற்பனைக்கு வேண்டியது ‘பாஷிபசூக்’ என்ற வகை. ‘இன்னார்’ என்று எழுதினால் அந்த வகை உடைந்துவிடும்.

ஆனால் அந்தக் காலப் பாரிஸில் கறுப்பின மாடல்கள் பலர் வேலை செய்தார்கள், சிலருடைய பெயர்கள் கிடைத்திருக்கின்றன. இந்த மனிதர்களைப் பற்றி எழுதும்போது என்னால் ஒதுங்கி நின்று எழுத முடியவில்லை, இது நெடுங்காலம் தள்ளிப்போடப்பட்ட மரியாதை. ஹெய்ட்டியிலிருந்து வந்த ஜோசப் என்பவர் பிரெஞ்சு ஓவியர் ஜெரிகோவின் ‘மெதூசாவின் தெப்பம்’ (1819) படத்துக்கு நின்றவர். தெப்பத்தின் உச்சியில் துணியை வீசி உதவி கேட்கும் முதுகு அவருடையது. பிறகு பாரிஸ் நுண்கலைக் கல்லூரியிலேயே மாடலாக வேலை பார்த்தார். பிரெஞ்சு ஓவியர் மானே 1863இல் தீட்டிய ‘ஒலிம்பியா’வில் பூங்கொத்தோடு நிற்கும் பெண்ணின் பெயர் லோர். மானே தன் குறிப்பேட்டில் அவர் பெயரையும் வீட்டு முகவரியையும் எழுதி வைத்திருந்ததால் நமக்குத் தெரிகிறது.

இன்னும் முக்கியமானது மரி-கியெமின் பெனுவா என்ற பெண் ஓவியர் 1800இல் பாரிஸில் காட்சிக்கு வைத்த படம். இனத்தை மட்டும் சொல்லும் தலைப்போடு அது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் இருந்தது. அதில் அமர்ந்திருப்பவர் கரீபியன் கடலின் குவாதலூப் தீவிலிருந்து ஓவியரின் உறவினர் வீட்டுக்கு வேலைக்குக் கொண்டுவரப்பட்ட மதலேன். 2019இல் பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகம் கறுப்பின மாடல்களைப் பற்றி ஒரு பெரிய கண்காட்சி நடத்தியபோது அந்தப் படத்துக்கு ‘மதலேனின் உருவப்படம்’ என்று பெயர் வைத்தது. படத்தில் ஒரு கோடு மாறவில்லை. ஆனால் அந்தப் பெயரோடு பார்க்கும்போது அது வேறு படம். ஒரு மாதிரி உருவமாக இருந்தவர் ஒரு பெண்ணாகிவிட்டார்.

ஜெரோமின் மாடலுக்கு அந்தப் பெயர்மீட்பு நடக்கவில்லை. அதனால்தான் நான் அவரைப் ‘பாஷிபசூக்’ என்று சொல்லாமல் ‘மாடலாக நின்றவர்’ என்று எழுதுகிறேன். ‘பாஷிபசூக்’ என்பது படத்தின் பெயர், அவருடைய பெயரல்ல.

படம் புகைப்படம் போல் துல்லியமாக இருக்கிறதே. அதில் எப்படிப் பொய் இருக்க முடியும்?

துல்லியம் வேறு, உண்மை வேறு. ஜெரோம் பயின்ற அகாதமி முறையில் தூரிகைத் தடமே தெரியக்கூடாது. வண்ணத்தின் மேல் வண்ணமாக மெல்லிய படலங்களாகத் தீட்டி, இறுதியில் கண்ணாடி போல மழமழவென்று ஆக்கிவிடுவார்கள். ஓவியரின் கை மறைந்துவிடுவதால், யாரோ வரைந்தது என்ற எண்ணமே வராது. நேரில் பார்த்ததாகவே தோன்றும். அந்தத் தோற்றத்தால்தான் பார்க்கிறவர் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார்.

இதற்கு நல்ல உதாரணம் 1879 வாக்கில் ஜெரோம் தீட்டிய ‘பாம்பாட்டி’. நிர்வாணச் சிறுவன் ஒருவன் பாம்பைச் சுற்றிக்கொண்டு நிற்கிறான். எதிரே ஆயுதம் தாங்கியவர்கள் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். பின்னால் நீல ஓட்டுச் சுவர். அந்த ஓடுகள் இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையில் உள்ளவை. ஓடுகளை ஒவ்வொன்றாக நுணுக்கமாக வரைந்திருக்கிறார். மேலே ஓடும் அரபு எழுத்தைக்கூட வாசிக்கலாம், குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் 256ஆம் வசனம் அது. சுவர் உண்மை, எழுத்து உண்மை. ஆனால் அந்த அரண்மனைச் சுவரின் முன்னால் இப்படி ஒரு பாம்பாட்டம் நடக்கவில்லை. வெவ்வேறு ஊர்களின் வேடிக்கையும் ஆயுதமும் உடையும் ஒரே அறையில் கூட்டிவைக்கப்பட்டிருக்கின்றன. ஓடுகள் இவ்வளவு சரியாக இருப்பதால் மீதியையும் நம்பிவிடுகிறோம். ‘பாஷிபசூக்’கில் அந்த வேலையைப் பட்டும் குஞ்சமும் செய்கின்றன.

எட்வர்ட் சயீத் இந்த ஓவியங்களைப் பற்றி என்ன சொன்னார்?

நேரடியாக அதிகம் சொல்லவில்லை. பாலஸ்தீன-அமெரிக்க அறிஞரான அவர் 1978இல் எழுதிய ‘ஓரியண்டலிசம்’ என்ற நூல் முக்கியமாக எழுத்தைப் பற்றியது: அறிஞர்கள், பயணிகள், நாவலாசிரியர்கள், அதிகாரிகள் கிழக்கைப் பற்றி எழுதியதும் அதன் மேல் ஆண்டதும் எப்படிக் கைகோத்து நடந்தன என்பது. ஆனால் அதன் அட்டையில் இடம்பெற்றது ஜெரோமின் ‘பாம்பாட்டி’. அந்த அட்டை வழியாகத்தான் பலருக்கு ஜெரோமே அறிமுகம். ஓவியங்களுக்கு இந்தப் பார்வையை விரிவாகப் பொருத்தியவர் கலை வரலாற்றாசிரியர் லிண்டா நாக்லின், 1983இல். படத்தில் எது இருக்கிறது என்பதோடு நிற்காமல் எது இல்லாமல் போயிருக்கிறது என்று அவர் கேட்டார். ஐரோப்பியர் யாருமே படத்துக்குள் இல்லை, காலம் நகர்ந்த அடையாளம் இல்லை. 1868இல் சூயஸ் கால்வாய் தோண்டி முடியும் கட்டத்தில் இருந்தது, எகிப்தில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வகைப் படங்களில் அவற்றுக்கு இடமில்லை.

ஜெரோம் இனவெறியரா?

இந்தக் கேள்வியால் படத்துக்குள் வெகுதூரம் போக முடியாது. அவர் மனத்தைவிட அவர் வேலை செய்த ஏற்பாட்டைப் பார்ப்பது பயன் தரும். 1863இல் அவர் மணந்தது கலை வணிகர் அடோல்ஃப் கூப்பிலின் மகளை. கூப்பில் நிறுவனம் ஜெரோமின் படங்களை விற்றதோடு, அவற்றின் அச்சுப் பிரதிகளையும் புகைப்படப் பிரதிகளையும் பல அளவுகளில் உலகெங்கும் விற்றது. வாங்கியவர்களில் அமெரிக்கச் செல்வந்தர்கள் நிறையப் பேர். எந்த வகைக் கிழக்கு விலைபோகும் என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரியும்.

அதே ஆண்டுகளில் அவர் தீட்டிய இன்னொரு படத்தையும் அருகில் வைக்க வேண்டும். 1866இன் ‘அடிமைச் சந்தை’. ஆடை களைந்து நிற்கும் பெண்ணின் பல்லை ஒருவர் விரல் விட்டுப் பார்க்கிறார். பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை இறுதியாக ஒழித்தது 1848இல்தான், அதற்கு 18 ஆண்டுகள் முன்பு. அந்த நினைவு பாரிஸில் இன்னும் சூடாக இருந்தபோது, அடிமை வியாபாரம் என்றாலே வேறொரு மதத்தார் செய்யும் கொடுமை என்று காட்டும் படம் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! அந்த வசதி இன்னும் தீரவில்லை. 2019 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் ஜெர்மனியின் வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டி, பெர்லினில் இதே படத்தை முஸ்லிம் எதிர்ப்புச் சுவரொட்டியில் போட்டது. படத்தை வைத்திருக்கும் அமெரிக்காவின் கிளார்க் கலை நிறுவனம் கண்டித்து, நிறுத்தச் சொல்லிக் கேட்டது. இந்தப் படங்களைப் பழைய கதை என்று ஒதுக்குகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு இந்தப் படத்தை ரசிக்கலாமா?

ரசிக்கலாம். நான் ரசிக்கிறேன். இன்னும் ஒரு படி மேலே போய், ரசிக்காமல் இதைப் புரிந்துகொள்ளவே முடியாது என்பேன்.

முகத்துக்கு வாருங்கள். ‘மூர்க்கமான கொள்ளைக்காரன்’ என்ற தலைப்புக்கு ஏற்ற முகத்தை ஜெரோம் வரைந்திருக்கலாம். பல்லை நெறிக்க வைத்திருக்கலாம், கண்ணை உருட்ட வைத்திருக்கலாம். அந்தக் காலக் கேலிச்சித்திரங்களில் கறுப்பினத்தவர் முகம் எப்படி வந்தது என்று பார்த்தவர்களுக்கு அது தெரியும். அவர் அதைச் செய்யவில்லை. கன்னத்து எலும்பில் விழும் ஒளி, கறுத்த தோலின் மேல் பழுப்பும் ஊதாவுமாக மாறும் நிறங்கள், உதட்டின் அமைதி, அவசரமில்லாத பார்வை. இவ்வளவு நேரம் ஒருவர் முகத்தை இன்னொருவர் உற்றுப் பார்த்திருக்கிறார் என்பது அந்த வண்ணங்களிலேயே தெரிகிறது. தலைப்பு ஒன்று சொல்கிறது, முகம் அதற்கு உடன்படவில்லை.

அந்த முகத்தின் கண்ணியம் யாருடையது? ஓவியர் கொடுத்ததா, நின்றவர் கொண்டுவந்ததா? நின்றவர் கொண்டுவந்ததை ஓவியரால் மறைக்க முடியவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கல்லூரிப் பாடங்களில் ‘இது ஓரியண்டலிசம்’ என்று முத்திரை குத்திவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. அப்படிப் போனால், 1868இல் அந்த மனிதரை யாரும் பெயர் கேட்காதது போலவே நாமும் அவரைப் பார்க்காமல் கடந்துவிடுகிறோம்.

இந்தியர்களை இப்படி வரைந்த படங்கள் உண்டா?

நிறைய. ஒன்று மட்டும் சொல்கிறேன், ‘பாஷிபசூக்’குக்கு நேர் எதிரான சிக்கல் அதில் இருப்பதால்.

1886இல் லண்டனில் காலனிகளின் பெருங்கண்காட்சி நடந்தது. இந்தியக் கைவினைஞர்கள் பார்வையாளர் முன்னால் உட்கார்ந்து நெய்தார்கள், வனைந்தார்கள். அரசகுலத்துக் கைவினைஞர்கள் போல் காட்டப்பட்ட அவர்களில் பலர் ஆக்ரா மத்தியச் சிறைக் கைதிகள். சிறையில் கற்றுக்கொண்ட தொழில் அது. விக்டோரியா அரசி, ருடால்ஃப் ஸ்வோபோடா என்ற வியன்னா ஓவியரை வைத்து அவர்களில் சிலரை வரையச் செய்தார். அதில் ஒருவர் பக்ஷிராம், குயவர். வயது 102 என்று அறிவிக்கப்பட்டவர். படங்கள் பிடித்துப்போகவே, இன்னும் முகங்கள் வேண்டும் என்று ஸ்வோபோடாவை அரசி இந்தியாவுக்கே அனுப்பினார். அந்த வரிசை இன்றும் இங்கிலாந்தின் வைட் தீவில் ஆஸ்போர்ன் மாளிகையின் தர்பார் நடைக்கூடத்தில் தொங்குகிறது.

இங்கே பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, தொழில் இருக்கிறது. வெண்தாடியும் சுருக்கங்களும் பாசத்தோடு வரையப்பட்டிருக்கின்றன. ஆனால் படத்தில் சிறை இல்லை. பக்ஷிராமைப் பார்த்து நெகிழ்கிறவருக்கு, அவர் கைதியாகக் கடல் கடந்து வந்து காட்சிப்பொருளாக உட்கார்ந்திருந்தார் என்பது தெரியாது. பெயர் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்தப் படத்தோடு சற்று நேரம் இருக்க வேண்டும்.

கிழக்கிலிருந்தே இதற்குப் பதில் சொன்ன ஓவியர் உண்டா?

ஒஸ்மான் ஹம்தி பே. 1860இல் இஸ்தான்புல்லிலிருந்து சட்டம் படிக்கப் பாரிஸ் போய், ஓவியத்தில் இறங்கி, ஜெரோமின் வட்டத்திலேயே பயின்றவர். ஊர் திரும்பி அருங்காட்சியக இயக்குநரானார், நுண்கலைப் பள்ளியை நிறுவினார். அதே மழமழப்பு, அதே ஓடுகள், அதே பட்டு அங்கிகள் அவர் படங்களிலும் உண்டு. ஆனால் அந்த உடைகளை அணிந்து மாடலாக நின்றவர் பெரும்பாலும் அவரேதான். தன்னைப் புகைப்படம் எடுத்து அதைப் பார்த்து வரைவார். அவருடைய மனிதர்கள் நிமிர்ந்து நின்று படிக்கிறார்கள், விவாதிக்கிறார்கள், யோசிக்கிறார்கள். 1906இல் தீட்டிய ‘ஆமைப் பயிற்சியாளர்’ இஸ்தான்புல் பேரா அருங்காட்சியகத்தில் உள்ளது. சிவப்பு அங்கி, முதுகுக்குப் பின்னால் புல்லாங்குழல், காலடியில் கீரை தின்னும் ஆமைகள். ஜெரோமிடம் பயின்ற மொழியிலேயே வேறொரு வாக்கியத்தைச் சொன்னவர் அவர்.

வேறொரு ஓரியண்டலிச உருவப்படத்தின் முன் நின்றால் எதில் தொடங்குவது?

பெயர்ப்பலகையைப் படிக்காமல் முகத்தில் தொடங்குங்கள். பலகையை முதலில் படித்தால் அது சொல்வதைத்தான் கண் தேடும். பிறகு உடைக்கு வாருங்கள்: அது அவர் உடம்பில் பழகிய உடையா, போர்த்தியதா? அக்குள் மடிப்பு, கழுத்துப் பட்டி, கைமுனை ஆகிய இடங்களில் தேய்மானம் தெரியும். அதன்பின் பலகை. அதில் ஆளின் பெயர் இருக்கிறதா, ‘அரபு மனிதர்’, ‘நூபியப் பெண்’ போன்ற வகைப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வகைப் பெயரை வைத்தவர் ஓவியரா, விற்றவரா, பின்னால் வந்த காப்பாளரா என்பதும் முக்கியம். பல தலைப்புகள் படத்துக்கு வெகு காலம் பின்னால் ஒட்டப்பட்டவை.

தேதியைப் பயணத் தேதியோடு ஒப்பிடுங்கள். ஓவியர் ஊர் திரும்பிய பிறகு வரைந்திருந்தால், மாடல் எங்கிருந்து வந்தார் என்ற கேள்வி தானாக எழும். கடைசியாக, முதலில் வாங்கியவர் யார் என்று தேடுங்கள். அருங்காட்சியக இணையதளங்களில் உடைமை வரலாறு என்று ஒரு பகுதி இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. யாருடைய வரவேற்பறைச் சுவருக்காக இந்த முகம் வரையப்பட்டது என்பதை அந்த நாலு வரி சொல்லிவிடும்.

‘பாஷிபசூக்’கை எங்கே பார்க்கலாம்?

நியூயார்க் போக வேண்டியதில்லை. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல், காப்புரிமை முடிந்த தன் படங்களை உயர் தரத்தில் இலவசமாகத் தரவிறக்க விட்டிருக்கிறது, இதுவும் அதில் உண்டு. கைபேசித் திரையில் பார்த்தால் பட்டு மட்டும்தான் கண்ணில் படும். கணினியில் திறந்து, முகம் திரையை நிரப்பும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். ஜெரோம் 1868இல் தீட்டிய ‘பாடும் பாஷிபசூக்’ பால்டிமோர் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால், ஒரே தலைப்பின் கீழ் ஜெரோம் எவ்வளவு வேறுபட்ட மனிதர்களை அடக்கினார் என்பது தெரியும். ‘பாம்பாட்டி’யும் ‘அடிமைச் சந்தை’யும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிளார்க் கலை நிறுவனத்தில் இருக்கின்றன. அதன் இணையதளத்தில் இரண்டையும் பார்க்கலாம்.